பீச்சாங்கைக் கத்தி

அண்ணன் வேறு தோட்டத்துக்கு வேலைக்குக் கிளம்பியது ஒரு மழை நாளில். மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது. பட்டை நனைந்து, பால் கோப்பைக்கு வராமல் கண்ட பக்கம் வழிந்துவிடும். அதனால் அன்று அவள் தன் கத்தியைத் தேடவே இல்லை. பெட்டியைத் தூக்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு வந்தாள். மறுநாள் விடியலில் கதவுக்குப் பின்னால் கை விட்டால், கத்தி மாட்டிய இடத்தில் வெறும் ஆணிதான் இருந்தது.

முந்தின நாள் அழுத அழுகையை நினைத்துத்தான் முதலில் வயிறு எரிந்தது.

தோட்டத்தில் அவளைப் பீச்சாங்கை என்பார்கள். எல்லாரும் வலக்கையால் வெட்ட, அவள் மட்டும் இடக்கையால். கடையில் விற்கும் கத்தியின் வாய் வலக்கைக்காரர்களுக்கென்றே மடிந்திருக்கும். ஒன்றை வாங்கி, கொல்லரிடம் கொடுத்து மறுபக்கம் மடக்கி, தானே தீட்டித் தீட்டிப் பழக்கியிருந்தாள். பட்டையை நாடா போலச் சீவும். உள்ளே இருக்கும் மரத்தைத் தொடாது. பக்கத்து வரிசையில் அண்ணனின் கோப்பைகள் பாதி நிறையும்போது அவளுடையவை தளும்பும். கத்தி ராசி என்பான் அவன். கை என்று ஒருநாளும் அவன் வாயில் வந்ததில்லை.

அன்று இரவல் கத்தியால் வெட்டினாள். வாய் வழுக்கி உள்ளே இறங்கியது. மரத்தில் காயம் பட்டால் அந்த இடம் கழலை கட்டிவிடும். புதுப்பட்டை வளர்ந்தாலும் அங்கே கத்தி ஓடாது. மூன்று மரம் போயிற்று. மேஸ்திரி விரலால் தடவிப் பார்த்தார். இன்னொரு மரம் இப்படி ஆனால் உன் வரிசை வேறு ஆளுக்கு என்றார். அண்ணன் கத்தியைத் தூக்கிக்கொண்டு போனதைச் சொன்னாள்.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்," என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு நேரே கொல்லரிடம் போனாள். நாளைக்கு வா என்றார் அவர். நாளைக்கு வந்தால் எனக்கு வரிசை இருக்காது என்று பட்டறை வாசலை அடைத்து உட்கார்ந்தாள். புதுக் கத்தியோடுதான் எழுந்தாள். வரிசை பிழைத்தது. கோபமும்தான். தினமும் அந்த மூன்று கழலைகளையும் தாண்டித்தானே போக வேண்டும்?

ஒருமுறை போனில் நேராகவே கேட்டாள்.

"எந்தக் கத்தி?" என்றான்.

அதோடு அவன் போனை எடுப்பதை விட்டாள். ஊரார் சமாதானம் பேச வந்தபோது, கூடப் பிறந்தவன் என்பதால்தான் திருடன் என்று சொல்லாமல் இருக்கிறேன் என்று வாயை அடைத்தாள்.

வருஷங்கள் ஓடின. ஒரு காலை, வாளியில் பாலை ஊற்றிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து குரல் செய்தி ஒன்று வந்தது. பெண் குரல்.

"அத்தை, நான் உங்க அண்ணன் மக. நானும் பீச்சாங்கைதான், இப்ப பால் வெட்டப் போறேன். அப்பா பெட்டியில ஒரு கத்தி துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. அவருக்கு அது ஒருநாளும் வெட்ட வரலைன்னு அம்மா சொல்றாங்க. தீட்டி எடுத்தா எனக்கு வெண்ணெய் மாதிரி ஓடுது. யாரோடதுன்னு கேட்டா, எந்தக் கத்திங்கறார். அதையும் அம்மாதான் சொன்னாங்க, உங்களோடதுன்னு. அனுப்பிடவா அத்தை? இல்ல, நான் வச்சுக்கட்டுமா? நீங்க சொல்ற வரைக்கும் இனி தொட மாட்டேன்."