அம்மாவுக்குப் பல்லு இல்ல

எனக்கு மூக்கு மேல கோவம் வரும். ஆபீஸ்லயும் சொல்வாங்க, வீட்டுலயும் சொல்வாங்க. அந்தக் கோவத்தால ஒரு பிள்ளை வீடு வந்து சேர்ந்துச்சு, அத மட்டும் ஒருத்தரும் சொல்றதில்ல. அதனால நானே சொல்லிக்கிறேன்.

விழுப்புரத்துல என் வேலை இதுதான். கடத்திக்கினு போன பிள்ளைங்க வெளி மாநிலத்துல கெடைச்சா, பெத்தவங்கள அங்க கூட்டிக்கினு போகணும். டிக்கெட் போடணும், தங்க எடம் பாக்கணும், பாஷை தெரியாத ஊர்ல கூடவே நிக்கணும்.

ஒலக்கூர் பக்கத்துலேர்ந்து ஒருத்தி வந்தா. வானூர்ல கட்டட வேலை செய்யறவ. வயசு இருபத்தி நாலு, பாத்தா பதினேழுதான் சொல்லத் தோணும். புருஷன் பிரிஞ்சு போனவன். பிள்ளை தாய்கிட்டதான் இருக்கணும்னு கோர்ட்டு சொல்லியும், பிஸ்கட் வாங்கித் தர்றேன்னு பால்வாடி வாசல்லயே தூக்கிக்கினு போயிட்டான். எட்டு மாசம் கழிச்சு குஜராத்துல ஒரு ஊர்ல போலீஸ் அவனப் புடிச்சது. அஞ்சு வயசுப் பொண்ண அங்க ஒரு இல்லத்துல விட்டிருந்தாங்க. பெத்த தாய் இன்ன தேதியில அங்க இருக்கற குழந்தைங்க நலக் கமிட்டி முன்னால நேர்ல வந்து நிரூபிச்சா ஒப்படைப்போம்னு கடுதாசி வந்துச்சு. அவனோட அண்ணனும் பிள்ளைய எனக்குக் குடுங்கன்னு மனு போட்டிருந்தான். அந்தத் தேதிய விட்டா பிள்ளை யார் கைக்குப் போகும்னு சொல்ல முடியாது.

ரயில்ல அவ படுக்கவே இல்ல. மடியில ஒரு பை, அதுல தோலோட வறுத்த மல்லாட்டை, வேர்க்கடலைதான். பிள்ளைக்குப் புடிக்கும்னு சொன்னா. அப்புறம், "என்ன மறந்திருக்குமா மேடம்?"னு கேட்டா. எனக்கு மட்டும் என்ன தெரியும்? வாய மூடிக்கினு தூங்குடின்னு எரிஞ்சு விழுந்தேன். பயம் வந்தா எனக்கு அப்படித்தான் பேச வரும்.

கமிட்டியில மூணு பேரு. மொழிபெயர்க்க ஒரு தமிழ்க்காரர், அந்த ஊர்லயே இட்லிக் கடை வச்சிருக்கறவர். பிள்ளையக் கூட்டியாந்தாங்க. முடிய ஒட்ட வெட்டியிருந்தாங்க. ரெண்டு நிமிஷம் இவளையே பாத்துது. அப்புறம் "அக்கா"ன்னு ஓடியாந்து இடுப்பக் கட்டிக்கிச்சு.

இட்லிக் கடைக்காரர் அத அப்படியே இந்தியில சொல்லி வச்சார். தலைவர் கையெழுத்துப் போட எடுத்த பேனாவக் கீழ வச்சிட்டார். ஃபைல்லயும் அப்படித்தான் எழுதியிருந்துச்சாம்: பிள்ளை தினம் அக்காவக் கேக்குது, அம்மா ஊர்ல இருக்காங்கன்னு சொல்லுது. தாய்க்குத்தான் பிள்ளையத் தர முடியும், அக்காவுக்கு முடியாது, அம்மா வரட்டும்னுட்டார். ஆதார், பிறப்புச் சான்று எல்லாத்தையும் நீட்டினேன். அம்மாவோட காகிதத்த அக்கா எடுத்துக்கினு வந்திருக்கலாமேன்னார். இவ மூஞ்சியப் பாத்தா அவர் சந்தேகப்பட்டதுலயும் தப்பில்ல. ஒரு ஆயா வந்து பிள்ளையப் பிரிச்சு எடுக்கப் பாத்தாங்க, அது புடவைய விடல.

நான் எழுந்துட்டேன். "யோவ், நீ தமிழன்தானே?"ன்னு இட்லிக் கடைக்காரரப் புடிச்சேன். "இவளுக்கு ரெண்டு தம்பி, ஒரு தங்கச்சி. எல்லாரும் ஒரே வீடு. அவங்க அக்கான்றாங்க, பிள்ளையும் அக்கான்னுது. பாட்டிய எல்லாரும் அம்மான்றாங்க, அதுவும் அம்மான்னுது. எங்க சித்தப்பாங்களப் பாத்து நான் எங்கம்மாவ அண்ணின்னுதான் கூப்பிட்டேன், அவங்க சாகுற வரைக்கும். அதுக்காக அவங்க எனக்கு அண்ணியா ஆயிடுவாங்களா? சொல்லுய்யா அவங்ககிட்ட."

அவர் பேஜாராப் போயி தலையச் சொறிஞ்சிக்கினே சொன்னார். தலைவர் அசையல. கமிட்டி மூணு பேர்ல ஒரு பொம்பள இருந்தாங்க, அவங்க மட்டும் பிள்ளையவே கேப்போம்னாங்க. அவங்க கேக்கக் கேக்க இட்லிக் கடைக்காரர் தமிழ்ல சொன்னார்.

"உங்க அம்மா எப்படி இருப்பாங்க?"

"அம்மாவுக்குப் பல்லு இல்ல. மல்லாட்டைய இடிச்சிதான் துன்னும். தலையெல்லாம் வெள்ள."

"நீ யாரு வயித்துல பொறந்த?"

இதென்ன கேள்வின்ற மாதிரி பாத்துட்டு, இவ வயித்துல பட்டுனு ஒரு தட்டு தட்டுச்சு. "இங்கதான். அறுத்து எடுத்தாங்க. தழும்பு கீது, காட்டவா?"ன்னு புடவைய இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. இவ வெக்கப்பட்டுக் கையப் புடிச்சா.

இட்லிக் கடைக்காரர் சிரிப்ப அடக்கிக்கினு சொல்லி முடிக்கறதுக்குள்ள அந்தக் கமிட்டிக்காரம்மா கண்ணத் தொடச்சிக்கினாங்க. அவங்க வீட்டுலயும் பிள்ளைங்க எல்லாம் பெத்தவளப் பாபின்னுதான் கூப்பிட்டாங்களாம், அண்ணின்னு அர்த்தம். பேனாவ எடுத்து அவங்களே தலைவர் கையில குடுத்தாங்க. அண்ணன்காரன் மனு தள்ளுபடி. ஜெயிச்சோம். வெளிய வந்து இட்லிக் கடைக்காரர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். அவர் மூணு பேருக்கும் பொங்கல் குடுத்தார்.

திரும்பி வர்றப்ப, இனிமேலாவது அம்மான்னு கூப்பிடப் பழக்குடின்னேன். "வேணாம் மேடம், எனக்கு இதுவே போதும்"னுட்டு மல்லாட்டைய உரிச்சி உரிச்சி ஊட்டிக்கினு வந்தா. எழும்பூர்ல வண்டி மாறி, திண்டிவனத்துல எறங்கினோம். பிளாட்பாரத்துல அவங்க வீடே நின்னுக்கினு இருந்துச்சு, முன்னால அந்தப் பல்லில்லாத அம்மா. பிள்ளை கைய உதறிட்டு ஓடுச்சு.

"அம்மா, அப்பா பொய் சொல்லிச்சு. அக்கா சாவல. ரயில்ல வந்து என்னை இட்டுக்கினு வந்துடுச்சு."