ஒரிஜினல் பெயிண்ட்

நல்லெண்ணத்தோடு நான் செய்த காரியங்களில் படுமோசமானது நியூ ஜெர்சியில், என் அக்கா வீட்டு கராஜில் வைத்து வெளிச்சத்துக்கு வந்தது. நான் பொத்தானை அமுக்க, கராஜ் கதவு கடகடவென்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. வெளியே டிரைவ்வேயில் அத்தான் நின்றிருந்தார். மொட்டைத் தலையில் அப்போதுதான் முடி முளைவிட ஆரம்பித்திருந்தது. மதுரையில் தன் அம்மாவுக்குக் கொள்ளி வைத்து, காரியமெல்லாம் முடித்துவிட்டு, அன்று மத்தியானம்தான் விமானத்தில் வந்து இறங்கியிருந்தார். அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்று நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டோம். கதவு முழுவதும் ஏறியது. உள்ளே அவருடைய முப்பது வருடப் பழைய பச்சைக் கார், அன்றைக்குத்தான் கம்பெனியிலிருந்து வந்தது மாதிரி மின்னியது. அத்தான் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒரிஜினல் பெயிண்ட், அத்தான்!" என்றேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. இரண்டாயிரமாவது வருடம் பிறந்ததும் கம்ப்யூட்டர்களெல்லாம் குழம்பிவிடும் என்று ஊர் உலகமே பயந்துகொண்டிருந்த புண்ணியத்தில், என்னைப் போன்ற அரைகுறைகளுக்கும் அமெரிக்க விசா கிடைத்தது. பார்சிப்பனியில் வேலை, அக்கா வீட்டு பேஸ்மென்ட்டில் வாசம், மூன்று வேளையும் அக்கா கைச் சாப்பாடு. அத்தான் ஒரு மருந்துக் கம்பெனியில் இன்ஜினியர். அதிகம் பேசமாட்டார். சாப்பாட்டில் உப்பு குறைந்தாலும் சொல்லமாட்டார், கூடினாலும் சொல்லமாட்டார். அவர் தானாக வாயைத் திறந்து பேசும் ஒரே விஷயம் அந்தக் கார்தான். இரண்டே கதவு, நீண்ட பானட், அதற்குள் எட்டு சிலிண்டர் எஞ்சின். சாவியைத் திருகினால் என் பேஸ்மென்ட் கட்டில் வரை அதிரும். மஸில் கார் என்பார்கள். "நான் படிக்க வந்தப்போ என் வயசுப் பசங்க எல்லாம் இதுலதான் பறப்பானுங்க மாப்ள. நான் ஸ்னோல பஸ் ஸ்டாப்ல நிப்பேன்" என்று ஒருமுறை சொன்னார். அவர் வாயிலிருந்து வந்த சுயசரிதை மொத்தமும் அவ்வளவுதான்.

அதை அவர் வாங்கிய கதையை அக்கா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். மேற்கே ஒரு மணி நேரம் தள்ளி ஒரு சிற்றூரில், கணவரை இழந்த ஒரு வெள்ளைக்கார அம்மா பேப்பரில் விளம்பரம் கொடுத்திருந்தார். கணவர் புதிதாக வாங்கி, கண்ணும் கருத்துமாக வைத்திருந்த கார். பழைய கார் சேகரிக்கும் ஆட்கள் இரண்டு மூன்று பேர் ஏற்கெனவே வந்து பார்த்திருந்தார்கள். வாங்கி என்ன செய்வீர்கள் என்று அந்த அம்மா எல்லாரிடமும் கேட்டிருக்கிறார். பிரித்து மேய்ந்து, புது பெயிண்ட் அடித்து, ஷோவில் நிறுத்துவோம் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, அந்த அம்மா முடியாதென்று தலையாட்டி அனுப்பிவிட்டார். அத்தான் முறை வந்தது. ஒன்றுமே செய்யமாட்டேன் என்றாராம். கார் அவருக்குக் கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை: வருடத்துக்கு ஒரு தடவை, இலைகள் நிறம் மாறும் அக்டோபரில், அந்த அம்மா வந்து முன் சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வருவார். கணவர் இருந்தபோது அப்படித்தான் போவார்களாம். ஐந்து வருடம் அத்தான் அந்த வாக்கைத் தவறாமல் காப்பாற்றினார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்பதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

அந்தக் காரின் உயிரே அதன் ஒரிஜினல் பெயிண்ட்தான் என்று அத்தான் ஓயாமல் சொல்வார். ஆயுத பூஜைக்கு வீட்டிலுள்ள எல்லா வண்டிக்கும் அக்கா சந்தனம் குங்குமம் வைப்பாள். இந்தக் காருக்கு மட்டும் கண்ணாடியில்தான் வைக்க வேண்டும், பானட்டில் பொட்டு பட்டால் கறை இறங்கிவிடும் என்று குறுக்கே வந்து நிற்பார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க மட்டும் அனுமதி உண்டு. நான் மதுரைக்காரன். எங்கள் ஊரில் உதிரி பாகக் கடையில் ஏறினால் முதல் கேள்வியே ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்பதுதான். கம்பெனி சாமான் ஒரிஜினல், டெல்லியிலிருந்து வருவது டூப்ளிகேட். ஆக, ஒரிஜினல் பெயிண்ட் என்றால் கம்பெனி பெயிண்ட் என்று நான் புரிந்துகொண்டேன். முதல் நாள் அடித்த அதே பெயிண்ட், இன்னும் அந்தத் தகரத்தின் மேலேயே இருக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் சிரித்திருப்பேன். பானட் ஓரத்தில் பச்சை வெளுத்து உள்ளிருந்த பிரைமர் தெரிந்தது. அதைப் போய் யாராவது பெருமையாகச் சொல்வார்களா?

ஆகஸ்ட் கடைசியில் மதுரையிலிருந்து போன் வந்தது. அத்தான் ஓடினார், அவர் ஊரில் போய் இறங்கிய மூன்றாம் நாள் அவர் அம்மா போய்விட்டார். கிரீன் கார்டு காரியமாக அக்காவால் கிளம்ப முடியவில்லை. அவள் இங்கே தனியாக அழுதுகொண்டு கிடந்தாள். ஒரு சனிக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள்: "தீட்டு வீடு, இந்த வருஷம் ஆயுத பூஜையும் கிடையாது. மனுஷன் என்ன மனசோட வந்து இறங்குவாரோ. அந்தக் காரையாவது கொஞ்சம் பளிச்சுன்னு பண்ணி வைடா. பார்த்தா ஒரு நிமிஷமாவது சந்தோஷப்படுவாரு."

எனக்கு அது போதுமானதாக இருந்தது. பளிச்சென்று பண்ணுவது என்று ஆகிவிட்டால் அரைகுறையாகப் பண்ணுவானேன்? டிங்கரிங், பெயிண்டிங் எல்லாவற்றையும் ஒரேயடியாக முடித்துவிட வேண்டியதுதான். பக்கத்து ஊரில் ஒரு ஷாப் கண்டுபிடித்து, காரை ஊர்வலம் போல மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். கடைக்காரன் வாயில் சிகரெட்டோடு காரை ஒரு சுற்று சுற்றி வந்தான். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "இது ஒரிஜினல் பெயிண்ட், தெரியும்ல?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். "யெஸ், யெஸ், ஒரிஜினல் பெயிண்ட். நோ டூப்ளிகேட்" என்றேன். அவன் இன்னொரு முறை கேட்டான். ஏமாற்றப் பார்க்கிறான் என்று நினைத்து நான் குரலை உயர்த்தி அதையே சொன்னேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு நோட்டை எடுத்தான். இடது பக்க முன் மட்கார்டில், ஹெட்லைட்டுக்கு மேலே, தேங்காய் மூடி அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. அதை நானே விரல் வைத்துக் காட்டி, இதையும் எடுத்துவிடு என்றேன். என் சொந்தச் செலவு என்பதில் எனக்குத் தனிக் கர்வம் வேறு.

"ஒரிஜினல் பெயிண்ட், அத்தான்!" என்று நான் சொன்னதும் அவர் உள்ளே போய், இடது மட்கார்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். இப்படியும் அப்படியும் தடவினார். நான் பினிஷிங்கைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். "நல்லாருக்கு மாப்ள. ரொம்ப அலைஞ்சிருப்ப" என்றார். அப்புறம் பெட்டியைக்கூட எடுக்காமல் வீட்டுக்குள் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா நினைப்பு வந்துவிட்டது போல என்று அக்காவும் நானும் கிசுகிசுத்துக்கொண்டோம்.

இரண்டு நாள் கழித்து அக்காதான் பேஸ்மென்ட்டுக்கு இறங்கி வந்து சொன்னாள். கணவர் காரைப் புதிதாக வாங்கிய முதல் வாரம், அந்த வெள்ளைக்கார அம்மா ஓட்டப் பழகியபோது, சொந்த வீட்டுத் தபால் பெட்டியில் போய் இடித்தாராம். அந்தப் பள்ளத்தைக் கணவர் கடைசிவரை எடுக்கவில்லை. வீட்டுக்குள் காரைத் திருப்பும்போதெல்லாம் தபால் பெட்டிக்கு ஒரு ஹார்ன் அடித்து, ஒதுங்கச் சொல்லி, மனைவியைக் கேலி செய்வாராம். ஒவ்வொரு அக்டோபரும் அந்த அம்மா வந்ததும் முதலில் அந்தப் பள்ளத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறுவாராம். "இந்தக் கதையை இவர் என்கிட்டயே இப்பதான்டா சொல்றாரு" என்று அக்கா என் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். "என்னையும் திட்டல, உன்னையும் திட்டல. ஒரு வார்த்தை திட்டினா என்ன?"

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு ஷாப்புக்கு ஓடினேன். பழைய பெயிண்ட்டில் கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டிருக்குமா என்றேன். எல்லாவற்றையும் தகரம் வரை சுரண்டியாகிவிட்டது என்றான். பள்ளத்தையாவது திரும்பப் போட முடியுமா என்று கேட்டேன். அவன் முதலில் சிரித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். சுத்தியலால் ஒரு அடி அடித்தால் பள்ளம் விழும்தான். அது நான் போட்ட பள்ளமாக இருக்கும். வீட்டுக்குத் திரும்பி அத்தானிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். வாயைத் திறப்பதற்குள், "சாப்ட்டியா மாப்ள?" என்றார். அம்மாவைப் பறிகொடுத்து வந்தவரிடம், என் மனம் ஆறுவதற்காக என்னைத் திட்டுங்கள் என்று எப்படிக் கேட்பது? சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

அக்டோபர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வந்தார். நீல ஸ்கார்ஃப், கையில் தடி, போன வருடத்தைவிட மெலிந்துவிட்டார் என்று அக்கா முணுமுணுத்தாள். கராஜ் கதவைத் திறக்கும் முன்பே அத்தான் அவரிடம், தப்பு நடந்துவிட்டது, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டார். நான் ஒரு அடி முன்னால் வந்தேன். அத்தான் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி என்னைத் தடுத்துவிட்டார். அந்த அம்மா உள்ளே போனார். கோபப்படவில்லை, அழவில்லை. மிக அழகாக இருக்கிறது என்றார். காரின் முன்னால் வந்து நின்று இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், மறுபடியும் இடது பக்கம் பார்த்தார். பிறகு அத்தானிடம், சின்னக் குழந்தை கேட்பது மாதிரி, "எந்தப் பக்கம் இருந்தது அது?" என்று கேட்டார்.

அத்தான் பதில் சொல்வதற்குள் அவரே வலது மட்கார்டின் மேல் கையை வைத்து, "இங்கேதான், இல்லையா?" என்றார். ஐந்து வருடம் ஞாயிற்றுக்கிழமை தோறும் தன் கையால் துடைத்த காரில் பள்ளம் எந்தப் பக்கம் என்று அத்தானுக்குத் தெரியாதா? அவர் குனிந்து, அந்தக் கைக்குப் பக்கத்திலேயே தன் கையையும் வைத்து, "யெஸ், இங்கேதான்" என்றார். அந்த அம்மா அந்த வழவழப்பான இடத்தை ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார். அன்று காற்று அதிகமாக இருக்கிறது என்று சொல்லிக் காரில் ஏறவில்லை. அடுத்த வருடம் வரவில்லை. அதற்கடுத்த வருடம் அத்தான் போன் செய்தபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை.

நான் இப்போது கலிஃபோர்னியாவில், டப்ளினில் இருக்கிறேன். தலை நரைத்துவிட்டது. அத்தான் எழுபதைத் தாண்டிவிட்டார், காரை விற்கவில்லை. போன வருடம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, பழைய கார்ப் பைத்தியம் பிடித்த ஒரு தமிழ்ப் பையன் அதைப் பார்க்க வந்திருந்தான். அத்தான் கராஜைத் திறந்து, ரீபெயிண்ட் பண்ணின கார்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு, வலது பக்கம் போய் நின்றுகொண்டு, தபால் பெட்டிக் கதையை முழுதாகச் சொன்னார். அவர் மறந்துதான் போய்விட்டாரா, அந்த அம்மாவுக்குச் சொன்னதை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. "இதோ, இந்த ரைட் ஸைட்லதான் இருந்துச்சு. இல்ல மாப்ள?" என்று என்னைப் பார்த்தார்.

"ஆமா அத்தான்," என்றேன். "ரைட் ஸைட்லதான்."