நூல் கடித்த பல்

நாற்பதைத் தாண்டிய பிறகு பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொள்ளக் கிளம்பிய தையல்காரியைப் பார்த்து அந்தத் தெருவே சிரித்தது. "இனிமே என்ன, பொண்ணு பார்க்கவா வரப்போறாங்க?" என்று கேட்டாள் தையல் கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் நாத்தனார். கேட்கட்டும். எடுப்பான முன்பற்களோடு வளர்ந்தவளுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். கல்யாணப் போட்டோவில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டு, மாப்பிள்ளை மேல் ஏதோ கோபம் போல நிற்பாள். சாவதற்குள் ஒரு தடவையாவது கூச்சமில்லாமல் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் என்று நினைத்தாள். அது ஒன்றும் பேராசை இல்லையே.

பல் டாக்டர் சின்னப் பெண், தனியாகத் தொழில் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. ஒவ்வொரு பல்லிலும் ஒரு குட்டி உலோகத் துண்டை ஒட்டி, அவற்றின் மேல் கம்பியை ஓட்டினாள். தையல்காரி உடனே அந்தத் துண்டுக்குப் 'பட்டன்' என்று பெயர் வைத்துவிட்டாள்.

"முதல் நாலஞ்சு நாள் நல்லா வலிக்கும்க்கா. மெத்துனு இருக்கறதா பார்த்துச் சாப்பிடுங்க. கம்பி கன்னத்துல உரசினா இந்த மெழுகை உருட்டி வச்சு அமுக்கிடுங்க. சாப்பிட்டதும் துலக்கணும், கம்பிக்கு அடியில இந்தக் குட்டி பிரஷ்ஷை விட்டு எடுக்கணும். மாசா மாசம் வாங்க, இறுக்கி விடறேன். ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன், முன்பல்லால எதையும் கடிச்சு இழுக்கவே கூடாது. பேச்சைக் கேக்கலைன்னா கிளிப்பைக் கழட்டி வச்சுடுவேன்."

கடைசி வார்த்தையை டாக்டர் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தையல்காரி அதை நிஜமென்றே எடுத்துக்கொண்டாள்.

வலி என்றால் அப்படி ஒரு வலி. 'பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கோ' என்று ஆறுதல் சொல்லக்கூட வழியில்லை. துணி வெட்டும் வேலை பார்க்கும் புருஷன் வாழைப்பழத்தை மசித்துக் கொடுத்தான். கன்னத்தில் புண், மெழுகு, உப்புத் தண்ணீர், கடைக் குழாயடியில் நின்று துலக்கல் என்று சொன்னதையெல்லாம் தவறாமல் செய்தாள். மெல்ல மெல்லப் பற்கள் உள்ளே நகர்ந்ததைக் கண்ணாடியில் பார்த்துப் பூரித்தும் போனாள்.

ஒன்றைத்தான் அவளால் செய்ய முடியவில்லை. தைத்து முடித்ததும் இரண்டு கையும் துணியைப் பிடித்திருக்கும், தலை குனியும், முன்பல் நூலை நறுக்கென்று கடித்து இழுக்கும். பாவாடை சட்டை போட்ட வயதிலிருந்து வந்த பழக்கம். புருஷன் கத்தரியை ரிப்பனில் கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டான். கத்தரி பாட்டுக்குத் தொங்கும், தலை பாட்டுக்குக் குனியும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பள்ளிக்கூடம் திறக்கும் சமயம், சீருடை மலைபோல் குவிந்து கிடந்தது. அந்த அவசரத்தில் முன்பல்லின் பட்டன் பெயர்ந்து கம்பியில் தொங்கியது.

"என்னக்கா கடிச்சீங்க?" என்று கேட்டாள் டாக்டர்.

"வேர்க்கடலைமா. தெரியாம."

உண்மையைச் சொன்னால் கிளிப்பைக் கழற்றிவிடுவாளே என்ற பயம். டாக்டர் நம்பினாள். பட்டனை மறுபடி ஒட்டி, கம்பியை இறுக்கி அனுப்பினாள். அதே பட்டன் இன்னொரு தடவை விழுந்தது. இம்முறை, கடலையைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்தாள். சத்தியம் என்னவோ சுத்தமான சத்தியம்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்தவளுக்குச் சத்தியம் செய்வதா கஷ்டம்? டாக்டர் மறுபடி ஒட்டினாள், மறுபடி இறுக்கினாள்.

மூன்றாம் தடவையும் பட்டன் விழுந்து, போய் உட்கார்ந்தபோது டாக்டரின் முகம் வாடியிருந்தது.

"தப்பு என் மேலதான்க்கா. பசையைக்கூட மாத்திப் பார்த்துட்டேன். வேற யாருக்கும் இப்படி விழுந்ததில்ல. நான் ஒட்டறதுலதான் ஏதோ கோளாறு. மன்னிச்சுடுங்க."

அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று தையல்காரிக்கு உள்ளே அடித்துக்கொண்டது. ஆனால் வாயிலிருந்து வந்ததோ, "பரவாயில்ல விடும்மா." என்ன ஒரு பெருந்தன்மை!

டாக்டர் விளக்கை இழுத்து வாய்க்கு நேரே வைத்தாள். பிறகு இடுக்கியால் கம்பிக்குப் பின்னாலிருந்து எதையோ பிடித்து மெதுவாக இழுத்தாள். அது வந்துகொண்டே இருந்தது. நீல நிறத்தில், சீருடை தைக்கும் நூல்.

"நூலா கடிக்கறீங்க? மூணு தடவையும் இதானா?"

தையல்காரி திறந்த வாயோடு ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

டாக்டர் திட்டவில்லை. விரலால் அந்த முன்பல்லைத் தொட்டாள். ஆடியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கிளிப் போட்டா பல்லு கொஞ்சம் ஆடும்க்கா, அது சகஜம். இது அப்படியில்ல. வேரே தேஞ்சிருக்கு. தினமும் நூலைக் கடிச்சுக் கடிச்சு இழுக்கறீங்கன்னு தெரிஞ்சிருந்தா அந்தப் பல்லை ஓய்வா விட்டிருப்பேன். கடலைன்னு நம்பி, ஒவ்வொரு தடவையும் நானே அதைப் பிடிச்சு இறுக்கியிருக்கேன்."

கையில் கண்ணாடியைக் கொடுத்தாள். தையல்காரி பார்த்தாள். அவள் ஆசைப்பட்டபடியே வரிசை வந்திருந்தது, எடுப்பு என்று சொல்ல ஒரு பல் இல்லை. நாக்கால் அந்த முன்பல்லை லேசாகத் தள்ளினாள். தள்ளின பக்கமெல்லாம் போனது.

"நிக்குமாம்மா?"

டாக்டர் அந்தப் பல்லிலிருந்து கம்பியை விடுவிக்க ஆரம்பித்தாள்.