கொசுக்காரம்மா

அகப்பையால் மாடித் தொட்டி நீரை மொண்டு, வெயில் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார். ஏணி ஆடுகிறது. "கீழ பாத்தா தல சுத்தும். அதனால தண்ணிய மட்டுந்தான் பாப்பேன்" என்பார். அகப்பையில் கொசுப்புழு தலைகீழாகத் தொங்கினால் வேறு இனம். நீரோடு நீராகப் படுத்துக் கிடந்தால் மலேரியாக் கொசுவின் பிள்ளை.

"சொகுசப் பாருங்க. சாக்கடையில போடற முட்டையில்ல இது. மகராசிக்கு நல்ல தண்ணி வேணும்."

தெருவில் அவருக்குப் பெயர் கொசுக்காரம்மா. ஐம்பதைத் தாண்டியவர், சுகாதாரத் துறையில் களப்பணி. "ஊர்த் தொட்டியெல்லாம் மூடுவா. வீட்ல பால் பாத்திரத்த மூட மாட்டா" என்பது அவர் கணவரின் அன்றாடக் குறை.

இந்த மழைக்காலத்தில் எங்கள் தெருவில் காய்ச்சல் புகுந்தது. உடம்பைத் தூக்கிப்போடும் நடுக்கம். ஒருநாள் விட்டு ஒருநாள் மீண்டும். தெருக்கோடியில் எழும்பும் கட்டடத்துக்கு வெகுதூரத்துக் காட்டுப்பகுதிகளிலிருந்து வேலையாட்கள் வந்திருந்தார்கள். ரத்தச் சோதனையில் முதலில் அவர்களிடம்தான் கிருமி தெரிந்தது. உடனே வீட்டுக்காரர்கள் மளிகைக்கடைக்காரர் வாசலில் கூடிவிட்டார்கள். அவர் மகள் உள்ளே போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அவங்கள இன்னிக்கே காலி பண்ணச் சொல்லணும்" என்றார் கடைக்காரர்.

கொசுக்காரம்மா படியில் நின்றார். "அண்ணே, பொறக்கும்போதே எந்தக் கொசுவுக்கும் காய்ச்சல் கெடையாது. காய்ச்சக்காரங்க ரத்தத்தக் குடிச்சாத்தான் அதுக்கே கிருமி வரும். கிருமி அவங்களோட வந்திருக்கலாம். கொசு இங்க வளந்ததுதானே?"

"மலமேல எங்க மச்சான் ஊர்லயும் கொசு கடிக்குது. அங்க இந்தக் காய்ச்சலே இல்லையே?"

"அங்க குளிரு. கொசு வயித்துல கிருமி முத்தறதுக்குள்ள கொசுவோட ஆயுசே முடிஞ்சிரும். நம்ம ஊரு வெக்க ரெண்டுக்கும் தோதா இருக்கு. இவங்கள வெரட்டினா அரைகுற வைத்தியத்தோட வேற ஊருக்குப் போவாங்க. அங்கயும் ஒரு பொண்ணு இப்படிப் படுத்துக் கெடக்கணுமா?"

தொட்டியைப் பார்க்க மாடியைத் திறக்கக் கேட்டதற்கு, சாவியைக் காணோம் என்றார் கடைக்காரர். கொசுக்காரம்மா படியிலேயே உட்கார்ந்து சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார்.

"பொறுமையா தேடுங்கண்ணே. அதுக்குள்ள நான் சாப்பிட்டுடறேன்."

அவர் கை கழுவும்போது சாவி வந்தது. கடைக்காரரே முன்னால் ஏறினார். தொட்டி மூடி பாதி உடைந்திருந்தது. அகப்பையில் படுத்துக் கிடந்த புழுக்களை அவரும் எட்டிப் பார்த்தார். தொட்டியைக் காலிசெய்து தேய்க்கத் துடைப்பம் எடுத்துவந்தார். மறுநாள் தெருவில் புது மூடிகள் ஏறின. வேலையாட்களை விரட்டும் பேச்சு அதோடு நின்றது. மாத்திரையில் சில நாளில் கடைக்காரர் மகளும் எழுந்து நடமாடினாள்.

கொசுக்காரம்மாவுக்கு மட்டும் வேலை ஓயவில்லை. காய்ச்சல் விட்டதும் வேலையாட்கள் மாத்திரையையும் விட்டுவிடுவார்கள். கல்லீரலில் பதுங்கிய கிருமி கொஞ்ச நாள் கழித்துத் திரும்பவும் கிளம்பும். அதனால் தினமும் தகரக் கொட்டகைக்குப் போய்த் தன் கையாலேயே கொடுக்கிறார். மீசை வைத்த கொத்தனார் ஒருவர் மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கிவைத்துப் பிறகு துப்புகிறவர். அவர் பேச்சு இவருக்குப் புரியாது. இவர் பேச்சு அவருக்குப் புரியாது.

நேற்று நானும் கூடப் போயிருந்தேன். கொத்தனார் தண்ணீர் குடித்துவிட்டு உதட்டை இறுக மூடிக்கொண்டார். கொசுக்காரம்மா அவர் எதிரில் குந்தி உட்கார்ந்து, குழந்தைக்குச் சோறூட்டும் தாயைப்போலத் தன் வாயை 'ஆ'வென்று அகலத் திறந்து, நாக்கையும் மேலே தூக்கிக் காட்டியபடி காத்திருந்தார்.