கோணல் காசும் படப்பை ஸ்டெல்லாவும்: 1991இல் ஒரு நாள் பயணம்

தாம்பரத்திலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போக வழி கேட்டு இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். இன்றைய வழியைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், 1991 ஜனவரியில் அதே சாலையில் நான் மூக்குடைபட்ட கதையைக் கேட்டுவிடுங்கள்.

நான் நாணயம் சேர்க்கிறவன். என் மனைவி 'சில்லறைப் பைத்தியம்' என்பாள்; மறுக்க முடியாது. அப்போதுதான் புது எஃகுப் பத்து பைசா எங்கள் கைக்கு வரத் தொடங்கியிருந்தது. சின்னது, வட்டமானது, பளபளவென்று இருக்கும். எங்கள் சேகரிப்பாளர் சங்கத்தில் அதற்காக மூன்று கூட்டம் சண்டை போட்டோம். சதுர ஐந்து பைசா, ஓரம் நெளிந்த பழைய பத்து பைசா, அறுகோண இருபது பைசா எல்லாம் அலுமினியம். எடையும் இல்லை, மரியாதையும் இல்லை என்பது என் கட்சி. ஆல்பத்தில் வகை கூடுமே, இருந்துவிட்டுப் போகட்டும் என்பது எதிர்க்கட்சி. கடைசியில் அரசுக்கு மனு போடுவதென்று முடிவாகி, எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. 'கோணல்மாணல் காசுகளை ஒழித்து எல்லாவற்றையும் வட்ட எஃகுக் காசாக்க வேண்டும்' என்று எழுதி முடித்தேன். சென்னைக்கு வெளியே நாலு கடைக்காரர்களையும் கேட்டுவிட்டு அனுப்பு என்றார் செயலாளர். கேட்டால் என்ன, எல்லாரும் ஆமாம் சாமிதான் போடுவார்கள் என்று கிளம்பினேன்.

காலை 7.40க்குத் தாம்பரத்தில் பஸ். படப்பை பதினான்கு கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றே முக்கால் ரூபாய். இரண்டு ரூபாய் கொடுத்தேன். கண்டக்டர் மீதியை டிக்கெட்டின் முதுகில் எழுதிக் கொடுத்தார். மணிமங்கலத்துக்காரர்கள் வழியில் இறங்கிக்கொள்ள, 8.25க்குப் படப்பை வந்தது. கண்டக்டரிடம் மீதி வாங்க மறந்து இறங்கிவிட்டேன். சில்லறைச் சீர்திருத்தம் பேசக் கிளம்பியவனின் லட்சணம் அது.

நிறுத்தத்தை ஒட்டி ஒரு பெட்டிக்கடை. முப்பது வயதிருக்கும் ஒரு பெண் கடலையைப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். பெயர் ஸ்டெல்லா. மனுவை எடுத்து அவளுக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். அவள் கை மடித்தபடியே இருந்தது. முகம் மட்டும் என்னை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தது. அவளுக்குக் கண் தெரியாது என்பது எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

ஒரு பொட்டலம் எட்டணா, அதாவது ஐம்பது பைசா. வங்கியில் வாங்கிவந்த புதுப் பத்து பைசாவில் ஐந்தை எடுத்துப் பெருமையாகக் கொடுத்தேன். அவள் விரலால் ஒவ்வொன்றாகத் தடவி, இரண்டை வைத்துக்கொண்டு மூன்றைத் திருப்பி நீட்டினாள்.

"இன்னா சார், மூணு நாலணா சேத்துக் குட்த்துட்டீங்க."

அது நாலணா இல்லை, புதுப் பத்து பைசா என்றேன். அவள் அதை மறுபடி தடவினாள். பிறகுதான் விஷயம் வந்தது. மூன்று வாரமாகக் கல்லாவில் காசு குறைகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள்மேல் சந்தேகப்பட்டுத் திட்டியிருக்கிறாள். ஸ்ரீபெரும்புதூரில் ஃபிட்டராக இருக்கும் அண்ணன் ஆரோக்கியம், இந்தச் சனிக்கிழமையும் குறைந்தால் கடையை மூடிவிட்டு வீட்டோடு இரு என்று சொல்லிவிட்டாராம்.

"நெளிவு இருந்தா பத்து, மூலை இருந்தா அஞ்சு. நீங்க கோணல்னு எழுதிக்கினு வந்துகிறீங்களே, அதான் சார் எனக்குக் கண்ணு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பர்ஸில் லென்ஸ் வைத்துக்கொண்டு அலைகிறவன் நான்; காசின் ஓரத்தை ஒருநாளும் இப்படி யோசித்ததில்லை.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். தான் சொன்னால் அண்ணன் சாக்கு என்பார். காசைப் படித்தவர் சொன்னால் கேட்பார், போய்ச் சொல்ல முடியுமா என்று. மற்ற கடைகளை விட்டுவிட்டு 11 மணி பஸ் பிடித்தேன். சேரப்பணஞ்சேரி தாண்டி ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கி, ஐம்பது நிமிடம் வெயிலில் நின்று அடுத்த பஸ். அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர், ஒன்றரை ரூபாய். இன்று லாரிகள் முட்டிக்கொள்ளும் அந்தக் கூட்டுரோட்டில் அன்று ஒரு டீக்கடையும் நானும்தான்.

ஸ்டெல்லா சொன்ன தொழிற்சாலை வாசலில் இரண்டரைக்கு ஷிப்ட் மாறியது. ஆரோக்கியத்தைக் கண்டுபிடித்துச் சொன்னதும் அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"அவளால முடியல சார். வூட்ல இருந்தா நான் சோறு போட மாட்டனா?"

கெட்ட மனிதரில்லை. கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்கையில் ஒரு புதுப் பத்து பைசாவை வைத்தேன். நாலணா என்றார். இன்னொன்று வைத்தேன். அதுவும் நாலணா. கண்ணைத் திறந்து பார்த்தவர், என்னிடம் நாலணா ஒன்றை வாங்கி அதன்மேல் இதை வைத்து ஓரத்தை நகத்தால் அளந்தார்.

"மூணு எம்எம் கூட இருக்காது. நான் நாள் பூரா அளக்கற வேலைல கீறேன், எனக்கே தெரியல. போன சனிக்கெழம அவள அழ வச்சிட்டேன் சார்."

தகட்டில் ஓட்டை போட்டு, சின்னது விழும், பெரியது நிற்கும் என்று அவர்கள் லைனில் உதிரிபாகம் சோதிப்பார்களாம். அதேபோல் ஒரு கேஜ் அடித்துக் கல்லா மேல் வைத்துவிடுகிறேன், கடை இருக்கட்டும் என்றார்.

திரும்பும் பஸ்ஸிலேயே மனுவை அடித்துவிட்டு, ஒவ்வொரு காசுக்கும் ஓரம் வேறாக இருக்க வேண்டும் என்று எழுதினேன். படப்பையில் இறங்கி அதையும் ஸ்டெல்லாவுக்குப் படித்துக் காட்டினேன். சங்கத்தில் நாலாவது சண்டை நடந்தது, மனு போனது, பதில் வரவில்லை. பிற்பாடு ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் கண்ணுள்ளவர்களுக்கே குழப்பமாக வந்தபோதெல்லாம் ஸ்டெல்லாவின் கேஜில் இன்னோர் ஓட்டை கூடியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இனி உங்களுக்கு. தாம்பரத்திலிருந்து காலை ஏழுக்கு முன் கிளம்புங்கள். ஷிப்ட் பஸ்களுக்கு நடுவில் மாட்டினால் படப்பையிலேயே முக்கால் மணி போய்விடும். ஒரகடத்தில் மாறி ஏற வேண்டும், நிழல் குறைவு, தண்ணீர் வேண்டும். சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். கடையில் காசு கொடுக்கும்போது எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். யாருக்குத் தேவைப்படும் என்று நமக்குத் தெரியாது.

போன மாதம் படப்பையில் இறங்கினேன். கடை கொஞ்சம் தள்ளிப்போயிருக்கிறது, ஸ்டெல்லா இருக்கிறாள். செல்போனில் பணம் போட்டால் தொகையைச் சொல்லும் பெட்டி வைத்திருக்கிறாள். நான் பன்னிரண்டு மூலை உள்ள இருபது ரூபாய்க் காசை, ஒன்றும் சொல்லாமல், அவள் கையில் வைத்தேன். விரல் ஓரத்தை ஒரு சுற்று சுற்றி வந்தது. யார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உங்க லெட்டரு இப்பத்தான் போய்ச் சேந்துகீது சார்."