மகள் வாங்கித் தந்த மோட்டார்

என் வீட்டுக்காரர் தையல்காரர். வாசலைப் பார்த்த முன்னறைதான் கடை. காலையில் உட்கார்ந்து மெஷினை மிதிக்க ஆரம்பித்தால் கூடவே ஒரு பாட்டும் கிளம்பிவிடும். ராகம் கண்டபடி போகும். தையல் மட்டும் நேராகப் போகும். சட்டை இறுக்குகிறது என்று யாராவது சண்டைக்கு வந்தால், "உடம்பு தேறியிருக்குண்ணே, நல்ல சேதிதானே. குடுங்க, பிரிச்சு விட்டுடறேன்" என்பார். இந்த மனுஷனுக்குக் கவலையே ஒட்டாதா என்று எனக்கே எரிச்சலாக வரும். பிறவிக் குணம் என்று நினைத்திருந்தேன்.

வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஒருமுறை வந்தபோது மோட்டார் வாங்கி வந்தாள். "அப்பா காலுக்கு இனிமே ஓய்வு" என்று ஆள் வைத்துப் பொருத்திவிட்டுப் போனாள். லேசாக அழுத்தினால் போதும், மெஷின் பறந்தது. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார்.

பெருமை கொஞ்ச நாளில் வடிந்துவிட்டது. பாட்டு நின்றது. சோறு இறங்கவில்லை. படுத்தால் புரண்டுகொண்டே இருந்தார். சாப்பிட உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. சட்டை இறுக்குகிறது என்று வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், "துணி அப்படியேதான் இருக்கு. நீங்கதான் ஊதிட்டீங்க" என்றாரே பார்க்கலாம். அந்த மனிதர் சட்டையை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது.

"அந்த மோட்டாரைக் கழட்டிடுங்களேன்" என்றேன்.

"புள்ள ஆசையா வாங்கினது. கழட்டினா அவ மனசு என்னாகும்?"

"உங்க மூஞ்சி இப்படியே இருந்தா என் மனசு என்னாகும்?"

மறுநாள் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து, நானே மெஷினுக்கு அடியில் குந்தினேன். மோட்டாரின் சின்ன பெல்ட்டை உருவிவிட்டுப் பழைய தோல் பெல்ட்டைச் சக்கரத்தில் மாட்டினேன். மோட்டார் மட்டும் அழகுக்கு அங்கேயே இருந்தது. வந்தார், பார்த்தார், உட்கார்ந்தார். நான் அடுப்படிக்குப் போய்ச் சேர்வதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சட்டையை அன்றைக்கே பிரித்துத் தைத்து, வீடு தேடிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

மகள் விடுமுறைக்கு வந்தாள். மெஷினைச் சுற்றித் தரை வரைக்கும் ஒரு துணியைத் தொங்கவிட்டேன். "தூசி படுதும்மா" என்று சொல்லிவைத்தேன். அவர் மோட்டார் சுவிட்சைத் தட்டிவிட்டு, துணிக்குள்ளே திருட்டுத்தனமாக மிதித்தார். கழுத்து வலி, முதுகு வலி என்று வந்ததிலிருந்து புலம்பிக்கொண்டிருந்த மகள், பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.

"பாத்தியாம்மா, மோட்டார் வந்ததும் அப்பா என்னமா பாடறார்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போது கரண்ட் போனது. விளக்கு அணைந்தது. ஃபேன் மெல்ல மெல்ல நின்றது. மெஷின் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு மும்முரத்தில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் இருமினேன், கனைத்தேன். ம்ஹூம்.

மகள் குனிந்து துணியைத் தூக்கினாள். கால் பாதி மிதியில் நின்றது. அவள் முகம் வாடிவிட்டது.

"மோட்டார்ல ஒரு குறையும் இல்லம்மா" என்றார். "மிதிச்சாத்தான் எனக்குப் பொழுது நல்லாப் போகுது. நீ வருத்தப்படுவியேன்னு சொல்லலை."

அவள் துணியைச் சுருட்டி ஓரமாகப் போட்டாள். பிறகு, "நகருங்கப்பா" என்றாள்.

அவர் இடத்தில் உட்கார்ந்து மிதித்தாள். சக்கரம் பின்னால் சுற்றி நூல் அறுந்தது. அவர் நூலைக் கோத்துக் கொடுத்தார். மறுபடியும் அறுந்தது. மூன்றாம் முறை மெஷின் சரியாக ஓடத் தொடங்கியதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பாட்டை விட்ட இடத்திலிருந்து எடுத்தார்.

கரண்ட் எப்போது வந்தது என்று எங்கள் மூவரில் யாருக்கும் தெரியாது.