கடை மூடும் பாடம்

காலை ஆறே முக்காலுக்கு, சித்தி கடைக்குப் பக்கத்து முடிதிருத்தும் கடைக்காரர் போன் செய்தார். "உங்க சித்தி மிஷின்ல தலைய சாச்சிருந்தாங்க பாப்பா. தூங்குறாங்கன்னு டீயை வச்சுட்டுப் போயிட்டேன். திரும்பி வந்தா டீ அப்படியே இருக்கு."

சித்தி துணிகளைச் சரிசெய்து கொடுப்பவர். கால்சட்டை நீளம் குறைப்பார், ஜிப் மாற்றுவார், இடுப்பு பிரித்துத் தைப்பார். முப்பத்து நான்கு வருடம் ஒரே சின்னக் கடை, சமீபம்வரை ஒரே மிஷின். உடம்பு பெருத்து வந்து கூச்சத்தோடு நிற்பவரிடம், "உங்க மேல தப்பில்ல, துணிதான் சுருங்கிடுச்சு" என்பார்.

மூன்று வருடத்துக்கு முன் வெளிநாட்டு வணிகக் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர், சம்பளம் வாங்காமல் சிறு கடைக்காரர்களுக்குத் தொழில் சொல்லித்தர வந்தார்கள். நூலக மாடியில் வகுப்பு. அப்போது கல்லூரிக் கடைசி வருடத்தில் இருந்த நான்தான் மொழிபெயர்ப்பாளர். சித்தியை வற்புறுத்திக் கூட்டிப்போனதும் நான்தான்.

கடைசி நாள் சித்தி கை தூக்கினார். "கடைய நல்லபடியா மூடுறது எப்படின்னு கேளு. முட்டி முடியல. கண்ணும் மங்குது."

"அதுக்கு வகுப்பு எதுக்குக்கா? ஷட்டர இழுத்தா போச்சு" என்றார் வகுப்புக்கு வந்திருந்த பக்கத்துக் கடை முடிதிருத்துபவர்.

"நீ இழுத்துடுவ. வெட்டின முடியத் திருப்பிக் குடுன்னு எவனும் வந்து நிக்க மாட்டான்."

அறையே சிரித்தது. மாணவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். மற்றவர்கள் எல்லாம் வளர்வதைப் பற்றிக் கேட்ட இடத்தில் என் சித்தி மட்டும் மூடுவதைக் கேட்டது எனக்கு அவமானமாக இருந்தது. "கடையைப் பெரிதாக்குவது எப்படி என்று கேட்கிறார்" என்று அவர்கள் மொழியில் சொன்னேன்.

உயரமான மாணவி கைதட்டினாள். இன்னொரு மிஷின், இரவு ஒன்பதுவரை கடை, பள்ளிச் சீருடை ஆர்டர் என்று பலகையில் ஐந்து கட்டம் வரைந்தாள். நான் அப்படியே சித்தியிடம் சொன்னேன்.

"மூடுறதுக்கு முன்னாடி இவ்வளவு இருக்கா?"

"ஆமா சித்தி. பெருசாக்கினாத்தான் யாராவது எடுத்து நடத்துவாங்க."

இதை யாரும் சொல்லவில்லை. என் வாயில் வந்த பொய்.

"படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சித்தி இரண்டாவது மிஷின் வாங்கினார். ஒன்பது மணிவரை உட்கார்ந்தார். நான் வரும்போதெல்லாம் முட்டியைத் தடவிக்கொண்டே, "இப்ப எத்தனாவது கட்டத்துல இருக்கேன்?" என்று கேட்பார். போன மாதமும் கேட்டார். "நாலாவது" என்றேன்.

சித்தியின் காரியமெல்லாம் முடிந்து இன்று கடையைத் திறந்து பார்த்தேன். சித்தி என் ஐந்தாவது கட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. யாரும் திரும்ப வந்து வாங்காத துணிகளை அலமாரியிலிருந்து இறக்கி, ஒவ்வொன்றிலும் காகிதத் துண்டைக் குத்தி உரியவர் பெயரை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். பதினொரு துணி முடிந்திருந்தது. பன்னிரண்டாவது ஒரு நீலக் கோட்டு. துண்டு குத்தியிருந்தது, பெயர் எழுதவில்லை.